கம்பியில்லா அணுகல் புள்ளி

கம்பியில்லா அணுகல் புள்ளி என்பது கேபிள் வழி இயங்கும் கணினி வலையமைப்போடு கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி முதலான கருவிகளை வானொலி அலைகளால் இணைக்கும் சாதனம். பேச்சு வழக்கில் ஆக்சஸ் பாயிண்ட் அல்லது ஏபி எனப்படும். வீடுகளில் இது பெரும்பாலும் தனிப் பெட்டியாக இருப்பதில்லை. வைஃபை ரூட்டர் என்ற பெயரில் விற்கப்படும் கருவிக்குள் ரூட்டர், சுவிட்ச், அணுகல் புள்ளி மூன்றும் அடங்கியிருக்கும். கல்லூரி, மருத்துவமனை, தங்கும் விடுதி போன்ற பெரிய கட்டடங்களில் கூரையிலோ சுவரிலோ பொருத்திய தனிச் சாதனமாக இதைக் காணலாம்.

கேபிளில் வரும் தரவைக் காற்றில் விடுவதும், காற்றில் வருவதைக் கேபிளில் ஏற்றுவதும்தான் அணுகல் புள்ளியின் வேலை. கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குவதும் வெளி இணையத்துக்கு வழிகாட்டுவதும் ரூட்டரின் பொறுப்பு. பழுது பார்க்க இறங்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

வரலாறு

கணினிகளை வானொலி அலைகளால் இணைக்கும் முயற்சிகளில் முன்னோடி, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் உருவாகி 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் சில அலைக்கற்றைகளை உரிமமின்றித் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்த அனுமதித்து, வணிகக் கருவிகளுக்கு வழி திறந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரத்தை ஐஈஈஈ அமைப்பு 1997-இல் 802.11 என்ற எண்ணில் வெளியிட்டது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. 2003-இல் 802.11ஜி, 2009-இல் 802.11என், 2013-இல் 802.11ஏசி, 2021-இல் 802.11ஏஎக்ஸ் ஆகிய தரங்கள் ஏற்கப்பட்டன. கடைசி மூன்றும் கடைகளில் வைஃபை 4, 5, 6 என்று அழைக்கப்படுபவை.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் கற்றைக்கான விதிகள் 2018-இல் பெருமளவு தளர்த்தப்பட்டன.

செயல்படும் முறை

அணுகல் புள்ளி நொடிக்குச் சுமார் பத்து முறை தன் இருப்பை அறிவிக்கும் சிறு செய்தியை ஒலிபரப்புகிறது. கைபேசியில் தெரியும் வைஃபை பெயர் அந்த அறிவிப்பிலிருந்து வருவது. இப்பெயர் 32 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. தமிழில் பெயர் வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட்டும், மேலே ஒரு குறி சேரும் ‘கி’ 6 பைட்டும் எடுத்துக்கொள்ளும். எனவே ஆங்கிலத்தில் 32 எழுத்துக்கு இடமிருக்கும் அதே பெட்டியில் தமிழில் பத்தெழுத்து அடங்குவதே அரிது.

ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மேடையில் இருக்கும் ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொள்வது போல, ஒவ்வொரு கருவியும் காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துத் தன் முறை வந்ததும் அனுப்புகிறது. தொலைவில் இருக்கும் கருவியோ பழைய தரத்தில் இயங்கும் கருவியோ அதே அளவு தரவை அனுப்ப அதிக நேரம் எடுப்பதால், அருகில் உள்ள புதிய கருவிகளும் காத்திருக்க நேரிடும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பயனர் நடைமுறையில் பெறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அலைக்கற்றையும் அலைவரிசையும்

2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றை சுவர்களை ஓரளவு எளிதாகக் கடக்கும்; ஆனால் நெரிசல் மிகுந்தது. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே கற்றையில்தான் இயங்குகின்றன. இதில் அலைவரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்க, ஒவ்வொரு இணைப்பும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கிறது. எனவே ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அமைபவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பக்கத்து வீட்டார் 6-இல் இருப்பதால் நாம் 4-க்குப் போவது நிலைமையை மோசமாக்கும். ஒரே அலைவரிசையில் இருப்பவர்கள் முறை வைத்துப் பேசிக்கொள்ளலாம்; பாதி படிந்த அலைவரிசையில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சல்.

5 கிகாஹெர்ட்ஸ் கற்றையில் இடம் தாராளம், வேகம் அதிகம். எட்டும் தூரம் குறைவு. இதன் சில அலைவரிசைகளை ரேடார்களும் பயன்படுத்துவதால், அணுகல் புள்ளி அங்கே ஒலிபரப்பும் முன் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கும். ரேடார் தென்பட்டால் உடனே விலகிவிடும்.

பொருத்துதல்

பயன்படுத்தும் பரப்பின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில் வைப்பது நல்லது. கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலைகளை வலுவாகத் தடுக்கும். செங்குத்தாக நிற்கும் ஆண்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும். அதன் நேர் மேலும் கீழும் சிக்னல் மெலிந்திருக்கும். திறனை உச்சத்துக்கு ஏற்றுவதால் பயன் குறைவு. அணுகல் புள்ளியின் குரல் கைபேசிக்கு எட்டினாலும், திறன் குறைந்த கைபேசியின் பதில் திரும்ப எட்டாது. அதனால் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் போவதுண்டு.

தனி அணுகல் புள்ளிகள் பலவற்றுக்கு லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரலாம். 2003-இல் வந்த தரம் துறைக்கு 15.4 வாட் வரையும், 2009-இல் வந்தது 30 வாட் வரையும் வழங்கும். கேபிளின் நீள வரம்பு 100 மீட்டர்.

பாதுகாப்பு

தொடக்ககால வெப் (டபிள்யூஈபி) குறியாக்கத்தின் ஓட்டைகள் 2001-இல் வெளிப்பட்டன. அதன் இடத்துக்கு 2003-இல் டபிள்யூபிஏ, 2004-இல் டபிள்யூபிஏ2, 2018-இல் டபிள்யூபிஏ3 வந்தன. பழைய கருவிகள் உள்ள இடங்களில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு அமைப்பு பொருத்தமானது. பட்டனை அழுத்தியோ எட்டிலக்கப் பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் பின் எண் முறையைச் சில மணி நேரத்தில் உடைக்க முடியும் என்பது 2011-இல் தெரியவந்தது. அதை அணைத்து வைப்பதே முறை.

பழுதறிதல்

பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கருவிக்கும் அணுகல் புள்ளிக்கும் இடையே உள்ள காற்றில், பெட்டிக்குள், அல்லது அதற்குப் பின்னால் உள்ள கேபிளிலும் இணைய இணைப்பிலும். ஒரு மடிக்கணினியை லேன் கேபிளால் ரூட்டரில் நேரடியாக இணைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்போதும் இணையம் வரவில்லை என்றால் அணுகல் புள்ளியில் கை வைக்கத் தேவையில்லை. ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். சேவை நிறுவனத்தையே அழைக்க வேண்டும்.

வைஃபை பெயரே தெரியவில்லை: அடாப்டரையும் கேபிள் வழி மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பெயர் ஒரு கருவியில் மட்டும் தெரியவில்லை என்றால் அக்கருவி 5 கிகாஹெர்ட்ஸ் கற்றையை ஏற்காததாக இருக்கலாம்; விலை மலிவான கேமராக்களும் ஸ்மார்ட் பல்புகளும் பெரும்பாலும் இவ்வகை.

பெயர் தெரிகிறது, இணையவில்லை: கடவுச்சொல்லை மாற்றிய பின் கருவியில் பழையது பதிந்திருப்பதே வழக்கமான காரணம். அந்த இணைப்பைக் கருவியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். டபிள்யூபிஏ3 மட்டும் இயங்கும்படி அமைத்திருந்தால் பழைய கருவிகள் உள்ளே வர முடியாது.

இணைந்தும் இணையம் இல்லை: கருவியின் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. பழைய ரூட்டரை அணுகல் புள்ளியாக மாற்றியவர்கள் முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைக்க மறந்தால், ஒரே வலையமைப்பில் இரண்டு பெட்டிகள் முகவரி வழங்கத் தொடங்கி, இணைப்பு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வெளி இணையத்துக்கான வான் துறையில் செருகாமல் லேன் துறையில் செருகினால் இது தீரும்.

வேகம் குறைவு: சிக்னல் அளவை டிபிஎம் என்ற அலகில் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. கழித்தல் 50 சிறப்பு, கழித்தல் 67 வரை காணொளி அழைப்புக்குப் போதும், கழித்தல் 80 என்றால் தடுமாறும். ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையே சிக்னலின் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் 94 மெகாபிட் அளவிலேயே நின்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். செருகியில் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் இறங்கிவிடுவதால், இந்தப் பழுது நெடுநாள் கண்ணில் படாது. சிக்னலை வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கும்.

அடிக்கடி துண்டிப்பு: நலிந்த அடாப்டர், காற்றோட்டமில்லாத மூடிய அலமாரியின் வெப்பம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விளக்குகள் எரிவதாலேயே அடாப்டர் நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. சுமை ஏறும்போது மட்டும் பெட்டி மறுதொடக்கம் ஆவது அதன் அடையாளம். துண்டிப்பு 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் நேர்ந்தால் ரேடார் பங்கிடாத அலைவரிசைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

ஊசியால் அழுத்திச் செய்யும் ரீசெட் கடைசி வழி. அது கடவுச்சொல்லோடு, சேவை நிறுவனம் தந்த உள்நுழைவு விவரங்களையும் அழித்துவிடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். அதற்கு முன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பது நலம். தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட அணுகல் புள்ளி பழுதின்றி ஓடினாலும் மாற்றப்பட வேண்டியதே.