பனிநாட்டில் புற்றுநோய் இல்லையா? – ஒரு கணக்கெடுப்பின் வரலாறு

1972ஆம் ஆண்டு. கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் கிலகிட்சோக் என்ற இடத்துக்கு வேட்டைக்குப் போன சகோதரர்கள் இருவர், பாறைச் சரிவின் அடியில் கற்களைக் குவித்து மூடிய இரண்டு கல்லறைகளைக் கண்டார்கள். உள்ளே எட்டு உடல்கள். ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்து அந்த உடல்களை அழுகவிடாமல் உலர்த்தி வைத்திருந்தன. அவர்கள் அணிந்திருந்த சீல் தோல் உடைகள்கூட அப்படியே இருந்தன. ஆராய்ந்து பார்த்ததில் அவர்கள் சுமார் 1475ஆம் ஆண்டில் இறந்தவர்கள் என்று தெரிய வந்தது. கொலம்பஸ் அமெரிக்கா போவதற்கும் முன்னால்!

அவர்களில் ஏறக்குறைய 50 வயதுப் பெண் ஒருவரின் மண்டையோட்டின் அடிப்பகுதி அரிக்கப்பட்டிருந்தது. மூக்கின் பின்பகுதியும் தொண்டையும் சேரும் இடத்தில் தோன்றும் புற்றுநோய் பரவியதால்தான் அப்படி ஆகியிருக்க வேண்டும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வையும் போயிருக்கலாம்.

500 ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குப் புற்றுநோய் இருந்ததில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வியப்பு இருக்கிறது. ஏனென்றால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பலர் நம்பியது வேறு: "எஸ்கிமோக்களுக்குப் புற்றுநோய் வராது."

(எஸ்கிமோ என்ற பெயரை அந்த மக்களில் பலர் இன்று விரும்புவதில்லை. கனடாவிலும் கிரீன்லாந்திலும் இருப்பவர்களை இன்யூட் என்பதே முறை. அலாஸ்காவில் இன்யூபியாக், யூபிக் போன்ற மக்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தாலும் இரண்டு லட்சம் பேர்கூட இல்லை.)

நம்பிக்கை பிறந்த கதை

இந்த நம்பிக்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் வில்ஹ்யால்மர் ஸ்டெஃபான்சன். வடதுருவப் பகுதியில் பல ஆண்டுகள் இன்யூட் மக்களோடு தங்கி, அவர்கள் உண்டதையே உண்டு வாழ்ந்தவர். 1960ல் 'புற்றுநோய்: நாகரிகத்தின் நோயா?' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள், மதபோதகர்கள், மருத்துவர்கள் எனப் பலரும் தேடிப் பார்த்தும் வடக்கில் புற்றுநோயைக் காணவில்லை என்பது அதன் சாரம். இறைச்சியும் மீனும் தின்று பழைய முறையில் வாழ்ந்தவரை அந்த மக்கள் தப்பித்தார்கள், மாவும் சர்க்கரையும் வந்த பிறகுதான் நோய் வந்தது என்ற முடிவுக்கு வாசகர் எளிதில் வந்துவிடுவார். இன்றும் உணவுமுறை பற்றி வாதாடுபவர்கள் இதை மேற்கோள் காட்டுவதுண்டு.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

முதலாவது வயது. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய். கனடா இன்யூட் மக்களின் சராசரி ஆயுள் 1940களில் ஏறக்குறைய 30 ஆண்டுகள்தான். குழந்தைச் சாவும் காசநோயும் விபத்தும் முந்திக்கொண்டன. முதுமையை எட்டியவர்கள் குறைவாக இருக்கும் ஊரில் முதுமையின் நோயும் குறைவாகத்தானே தெரியும்?

இரண்டாவது, பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை கப்பலில் வரும் மருத்துவர், வயிற்றுக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ இருக்கும் கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பார்? எக்ஸ்ரே கிடையாது, பிரேதப் பரிசோதனை கிடையாது. "இருமி இருமி இளைத்துச் செத்தார்" என்றால் அது காசநோயா புற்றுநோயா? யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்திலேயே இதைச் சந்தேகித்தவரும் உண்டு. கிரீன்லாந்தில் நீண்ட காலம் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஆல்ஃபிரெட் பெர்டெல்சென் அங்குள்ள நோய்களைப் பொறுமையாகத் தொகுத்தார். அந்தத் தொகுப்பில் புற்றுநோயும் இருந்தது.

எண்ணத் தொடங்கினார்கள்

டென்மார்க்கின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1942ல் தொடங்கியது. 1950கள் முதல் கிரீன்லாந்து நோயாளிகளைப் பற்றிய விவரங்களும் முறையாகச் சேரத் தொடங்கின. அலாஸ்காவில் மருத்துவர் ஆன் லேனியர் முயற்சியால் 1974ல் அலாஸ்கா பூர்வகுடிகளுக்கான தனிப் பதிவேடு உருவானது. 1969 முதலான விவரங்கள் அதில் உள்ளன.

கனடாவின் கதை கசப்பானது. இன்யூட் மக்களுக்குக் குடும்பப்பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. அதிகாரிகளுக்குப் பெயர்கள் குழப்பமாக இருந்ததால் 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்ட வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், அல்லது உடையில் தைத்துக்கொள்ள வேண்டும். மனிதருக்குப் பெயருக்குப் பதில் எண்! 1968க்கும் 1971க்கும் இடையில்தான் வில்லைகளுக்குப் பதிலாகக் குடும்பப்பெயர் பதியும் பணி நடந்தது.

1950 முதல் சி.டி. ஹோவ் என்ற கப்பல் எக்ஸ்ரே கருவியோடு கிழக்கு ஆர்க்டிக் கரையோர ஊர்களுக்கு வந்தது. காசநோய் இருப்பது தெரிந்தால் பலரைக் கரைக்குத் திரும்பவும் விடாமல் அப்படியே தெற்கு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1950களின் நடுவில் கனடா இன்யூட்டில் ஏழு பேரில் ஒருவர் அப்படித் தெற்கில் இருந்ததாகச் சொல்வார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடக் குடும்பத்துக்குத் தெரியவில்லை. இதற்காகக் கனடா பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச் மாதத்தில்தான். மருத்துவமனை என்றால் திரும்பி வராத இடம் என்று பயந்தவர்கள், உடம்பில் கட்டி வந்தால் உடனே போய்க் காட்டுவார்களா?

மாறிய நோய்கள்

கனடாவின் மேற்கு, மத்திய ஆர்க்டிக் பகுதியில் 1950 முதல் கண்ட புற்றுநோய்களை ஓட்டோ ஷேஃபர், ஜாக் ஹில்டெஸ் என்ற மருத்துவர்கள் தொகுத்தார்கள். 1975லும் 1984லும் வந்த அவர்களது கட்டுரைகள் ஒரு மாற்றத்தைக் காட்டின. அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து மூன்றின் பதிவேடுகளையும் இணைத்து 1969 முதல் 1988 வரையும், பிறகு 1989 முதல் 2003 வரையும் செய்த கூட்டு ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

முதலில் பழைய புற்றுநோய்கள். மூக்குத்தொண்டைப் புற்றுநோயும் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயும் உலகின் பெரும்பாலான பகுதிகளில் அபூர்வம். இன்யூட்டிடம் அவை அதிகம். இவற்றோடு எப்ஸ்டீன்-பார் என்ற வைரசுக்குத் தொடர்பு உண்டு. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகமுள்ள இன்னொரு இடம் தென்சீனா. கிலகிட்சோக் பெண்ணை வருத்தியதும் இதே வகைதான் என்றால், இது மாவும் சர்க்கரையும் கொண்டுவந்த நோய் அல்ல.

அடுத்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதன் விகிதம் கிரீன்லாந்தில் ஒரு கட்டத்தில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பரிசோதனைகள் பரவிய பிறகு குறைந்தது. 2008 முதல் அங்கே சிறுமிகளுக்குத் தடுப்பூசியும் போடுகிறார்கள்.

மூன்றாவது நுரையீரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்கள். இவை 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஏறின. திமிங்கில வேட்டைக்காரர்களும் வணிகர்களும் கொண்டுவந்த புகையிலை ஊருக்கு ஊர் பரவியிருந்தது. கனடா இன்யூட்டில் வயது வந்தோரில் பாதிக்கும் மேல் புகைப்பவர்கள். நுரையீரல் புற்றுநோயில் இன்யூட் மக்களின் விகிதம் உலகிலேயே மிக அதிகம் என்ற நிலைக்கு வந்தது.

ஆக, ஸ்டெஃபான்சன் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. வெளியார் வருகையோடு சில புற்றுநோய்கள் ஏறியது உண்மை. ஆனால் "இல்லவே இல்லை" என்பது உண்மையல்ல.

எண்ணியதால் பிழைத்தவர்கள்

எண்ணி என்ன பயன்? அதற்கு அலாஸ்காவே பதில்.

1970களில் தென்மேற்கு அலாஸ்காவின் யூபிக் ஊர்களில் சிறுவர்களும் இளைஞர்களும்கூடக் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்கள். அந்த வயதில் வரவே கூடாத நோய். ரத்தப் பரிசோதனைகளில் ஹெபடைடிஸ் பி வைரஸ் அங்கே மிகப் பரவலாக இருப்பது தெரிந்தது. 1981ல் தடுப்பூசி வந்ததும், 1980களின் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் போடத் தொடங்கினார்கள். சாலையே இல்லாத ஊர்களுக்குச் சிறு விமானங்களில் போனார்கள். ஏற்கனவே வைரஸ் இருந்தவர்களுக்குப் புற்றை ஆரம்பத்திலேயே பிடிக்க ரத்தப் பரிசோதனைகளைத் தொடர்ந்து செய்தார்கள்.

விளைவு? பிரயன் மெக்மஹன் குழுவினர் 2011ல் வெளியிட்ட 25 ஆண்டுக் கணக்கின்படி, 1999க்குப் பிறகு 20 வயதுக்குட்பட்ட அலாஸ்கா பூர்வகுடிகளிடம் ஒரு கல்லீரல் புற்றுநோய்கூட இல்லை!

பெருங்குடல் புற்றுநோயில் இந்த வெற்றி இன்னும் வரவில்லை. அலாஸ்கா பூர்வகுடிகளிடம் அதன் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தது. அதனால் பரிசோதனையை மற்றவர்களைவிட இளம் வயதிலேயே, 40லேயே தொடங்கச் சொல்கிறார்கள். மக்களின் கூச்சத்தைப் போக்க, உள்ளே நடந்து பார்க்கும் அளவுக்குப் பெரிய காற்றடைத்த பெருங்குடல் ஒன்றைச் செய்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 'நோலன்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

கணக்கால் முடியாதது

கணக்கு எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லாது. 1,000 பேர் வாழும் ஓர் ஊரில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குப் புற்றுநோய் வருவது இயல்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு நான்கு பேருக்கு வந்தால் "இரண்டு மடங்கு" என்று அலறலாம். மறு ஆண்டு யாருக்கும் வராவிட்டால் "ஒழிந்தது" என்று கொண்டாடலாம். இரண்டும் தற்செயலாக இருக்கலாம். அதனால்தான் பல ஊர்களையும் பல ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் அப்படிச் சேர்க்கும்போது ஒரு தனி ஊரின் துயரம் உள்ளே மறைந்துவிடுகிறது.

டெலினே என்ற ஊருக்கு நேர்ந்தது இதுதான். கனடாவின் கிரேட் பேர் ஏரிக்கரையில் இருக்கும் இவ்வூர் மக்கள் இன்யூட் அல்ல, டெனே என்ற இன்னொரு வடக்குப் பழங்குடியினர். ஏரியின் மறுகரையில் போர்ட் ரேடியம் சுரங்கம் இருந்தது. 1930களில் ரேடியமும், 1942 முதல் 1960 வரை யுரேனியமும் அங்கே வெட்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்கும் அங்கிருந்து யுரேனியம் போனது. டெனே ஆண்கள் தாதுச் சாக்குகளைத் தோளில் சுமந்து படகில் ஏற்றி இறக்கினார்கள். ஆபத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பிற்காலத்தில் ஆண்கள் ஒவ்வொருவராகப் புற்றுநோயில் போக, 'விதவைகளின் கிராமம்' என்ற பெயர் வந்தது. 1998ல் அவ்வூர்க் குழு ஒன்று ஹிரோஷிமாவுக்கே போய் அங்குள்ளவர்களிடம் வருத்தம் தெரிவித்தது. தாங்கள் சுமந்தது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் சுமந்தவர்கள்!

அரசும் ஊராரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் அறிக்கை 2005ல் வந்தது. எந்தத் தனி மனிதரின் சாவையும் தாதுச் சுமையோடு உறுதியாக இணைக்க முடியாது என்றது. சுமந்தவர்கள் சில பத்துப் பேர். அவ்வளவு சிறிய எண்ணில் புள்ளியியல் வாய் திறக்காது. அதற்காக எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

முடிவாக

இன்றும் நுனாவுட்டில் கதிர்வீச்சுச் சிகிச்சை கிடையாது. நோயாளி ஒட்டாவாவுக்கோ வின்னிபெக்குக்கோ பறக்க வேண்டும். கிரீன்லாந்துக்காரர் கோபன்ஹேகன் போக வேண்டும். தாத்தா பாட்டியைக் கப்பல் கொண்டுபோன அதே தெற்குக்கு இன்று பேரன் விமானத்தில் போகிறான்.

"அங்கே அந்த நோய் இல்லை" என்று யாராவது சொன்னால், அங்கே தேடிப் பார்த்தவர் யார், எத்தனை நாள் தேடினார் என்று கேட்பது நல்லது. கிலகிட்சோக் பெண்ணின் நோய் வெளியே தெரிய 500 ஆண்டுகள் ஆயின. யூபிக் குழந்தைகளின் நோயை உரிய காலத்தில் ஒருவர் எழுதி வைத்தார். அதனால் அடுத்த தலைமுறைக் குழந்தைகள் பிழைத்தார்கள்.