தமிழ் ஒருங்குறி மாற்றமும் கோவை மாநாடும்

ஒன்றுக்கொன்று பொருந்தாத எழுத்துருக் குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாறியது தமிழ்க் கணிமை வரலாற்றின் முக்கியத் திருப்பமாகும். 2010இல் கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது.

பின்னணி

1990களின் எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் அடுக்கினர். ஒருவர் அனுப்பிய கோப்பு, அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இதைத் தீர்க்க இணையத் தமிழ் ஆர்வலர்கள் திஸ்கியை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. ஒருங்குறியில் 1991 முதல் தமிழ் இருந்தபோதும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே விண்டோஸ் பயனர்களுக்கு அது கைக்கெட்டியது.

பொருந்தாமையின் காரணம்

திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் முதலில் ககரமும் அடுத்து ஒகரக் குறியும் வரும். எனவே எழுத்துருவை மாற்றுவது மட்டும் போதவில்லை. பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. 2008இல் வெளியான பைத்தான் 3 நிரல்மொழியும் எழுத்துச் சரங்களை ஒருங்குறிக்கு மாற்றியதால், பைத்தான் 2 நிரல்கள் பல அதில் அப்படியே இயங்கவில்லை. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020இன் தொடக்கத்தில்தான் முடிந்தது.

கோவை மாநாடு

2010 ஜூன் 23 முதல் 27 வரை செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. அப்போது வெளியான அரசாணை ஒருங்குறியைத் தரமாகவும், டேஸ்-16 குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. ஒருங்குறியில் ‘க்’ போன்ற எழுத்துக்கு இரண்டு குறியெண்கள் தேவை என்பது நெடுநாள் குறையாகப் பேசப்பட்டது. டேஸ்-16 ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தந்தது.

மாற்றம் நடந்த விதம்

ஆணை வந்ததும் எல்லோரும் மாறிவிடவில்லை. அச்சகங்களில் பரவலாக இருந்த பேஜ்மேக்கர் மென்பொருள் ஒருங்குறியை ஏற்காததால் அங்கே பழைய எழுத்துருக்கள் நீடித்தன. மாற்றத்தை எளிதாக்கியவை கருவிகளே. என்.எச்.எம். ரைட்டர் போன்றவை பழகிய விசைப்பலகையிலேயே ஒருங்குறியில் தட்டச்சிட உதவின. பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பழைய உரைகளை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தன. திஸ்கியில் நூல்களை வெளியிட்டுவந்த மதுரைத் திட்டம் அவற்றை ஒருங்குறியிலும் தந்தது.

விளைவு

இன்று தேடுபொறி, கைபேசி, தமிழ் விக்கிப்பீடியா ஆகிய அனைத்தும் ஒருங்குறியில் இயங்குகின்றன. மாற்றப்படாத பழைய கோப்புகளின் உரை, அவை இணையத்தில் இருந்தாலும், தமிழில் தேடுவோருக்கு அகப்படுவதில்லை.