மலையக இளைஞரும் கிக் பொக்சிங் விளையாட்டும்: அங்கீகாரத்திற்கு முன் பாதுகாப்பு

சண்டை விளையாட்டுகள் குறித்து நமது சமூகத்தில் இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. பிள்ளைகளை முரடர்களாக்கும் இவ்விளையாட்டுகள் நமக்கு வேண்டியதில்லை என்பது ஒன்று. எந்த மேடையில் யார் நடத்திய போட்டியாக இருந்தாலும் கழுத்தில் பதக்கம் விழுந்தால் போதும், அது சமூகத்திற்குப் பெருமை என்பது மற்றொன்று. முதலாவது கருத்து இளைஞர்களின் ஆர்வத்தை முடக்குகின்றது. இரண்டாவது கருத்து அவர்களை ஆபத்தில் தள்ளுகின்றது. கிக் பொக்சிங் எனப்படும் உதைக் குத்துச்சண்டை பதுளை மாவட்டத்துத் தோட்டப்புற இளைஞர்களின் கவனத்தையும் ஈர்த்துவரும் நிலையில், அதன் விதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள், அங்கீகாரம் ஆகியன பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது அவசியமாகின்றது.

ஊவா மண்ணிற்குச் சண்டைக் கலை புதியதன்று. 1817-1818ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிராக நிகழ்ந்த ஊவா-வெல்லஸ்ஸ கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதைத் தொடர்ந்தே, அங்கம்பொர என்னும் சிங்களப் பாரம்பரியப் போர்க்கலை தடைசெய்யப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. பின்னர் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட நம் முன்னோர் சிலம்பத்தைத் தம்முடன் கொண்டுவந்தனர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் கம்பு சுற்றுவோரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் பல. ஆகவே இன்றைய இளைஞன் கையுறை அணிந்து மேடையேற விரும்புவதில் வியப்பேதுமில்லை. ஆயினும் சிலம்பத்திற்கு வாத்தியார் ஒருவரின் கண்டிப்புக் காவலாக இருந்தது. கிக் பொக்சிங்கிற்கு எழுதப்பட்ட விதிகளே காவலாக இருக்க முடியும்.

1960களில் ஜப்பானில், கராத்தேயின் உதைகளையும் குத்துச்சண்டையின் குத்துகளையும் இணைத்து உருவான விளையாட்டிற்கே கிக் பொக்சிங் என்ற பெயர் இடப்பட்டது. 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதனையொத்த 'புல் கொன்டாக்ட்' கராத்தே வளர்ந்தது. 1976ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தோற்றுவிக்கப்பட்ட வாகோ என்னும் உலகக் கிக் பொக்சிங் சம்மேளனம், 1978ஆம் ஆண்டு பேர்லினில் தனது முதலாவது உலகச் சம்பியன் போட்டியை நடத்தியது. தொழில்முறை சாராத கிக் பொக்சிங்கிற்கான விதிகளை இன்று உலகளவில் வகுத்து வருவது பிரதானமாக இந்த அமைப்பேயாகும்.

கிக் பொக்சிங் என்பது ஒரே விளையாட்டு அல்ல என்பதைப் பெற்றோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தரைவிரிப்பின் மீது நடைபெறும் வகைகள் ஒருபுறம். கயிறு கட்டிய மேடையில் நடைபெறும் வகைகள் மறுபுறம். தரைவிரிப்பில் நிகழும் புள்ளிச் சண்டையில் ஒரு தாக்குதல் பட்டவுடன் மத்தியஸ்தர் போட்டியை நிறுத்திப் புள்ளி வழங்குவார். குத்துக்கும் உடலில் படும் உதைக்கும் ஒரு புள்ளி, தலையில் படும் உதைக்கு இரண்டு, பாய்ந்து தலையில் உதைத்தால் மூன்று என்பது கணக்கு. 'லைட் கொன்டாக்ட்', 'கிக் லைட்' ஆகிய வகைகளில் போட்டி தொடர்ச்சியாக நடைபெறும். எனினும் முழுப் பலத்தோடு தாக்குவது அங்கு குற்றமாகும். இவற்றில் வெற்றியைத் தீர்மானிப்பது திறமையேயன்றி எதிராளியை வீழ்த்தும் பலம் அல்ல.

மேடை வகைகள் வேறானவை. 'புல் கொன்டாக்ட்' வகையில் இடுப்பிற்கு மேல் மாத்திரமே உதைக்கலாம். 'லோ கிக்' வகையில் தொடையிலும் உதைக்க அனுமதியுண்டு. 'கே-1' வகையில் இவற்றுடன் முழங்காலால் தாக்கவும் இடமுண்டு. இரண்டு நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள், இடையே ஒரு நிமிட ஓய்வு என்பது தொழில்முறை சாராத போட்டிகளின் வழமையான அமைப்பாகும். முழங்கையால் தாக்குதல், தொண்டை, பிடரி, முதுகெலும்பு, மூட்டுகள், கவட்டுப்பகுதி ஆகியவற்றில் தாக்குதல், கீழே விழுந்தவரைத் தாக்குதல் ஆகியன முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. தலைக்கவசம், பற்கவசம், கையுறை, கவட்டுக் கவசம், கணைக்கால் மற்றும் பாதக் கவசங்கள், பெண்களுக்கு மார்புக் கவசம் ஆகியன கட்டாயமானவை. மேடை வகைகளில் கையுறை பத்து அவுன்ஸ் எடையுடையதாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை எந்த வகையில் பயிற்சி பெறுகின்றது என்று கேட்டறியாத பெற்றோர், அப்பிள்ளை எத்தகைய அடியை வாங்கப்போகின்றது என்பதையும் அறியாதவராகின்றனர். சிறுவர்களுக்குத் தரைவிரிப்பு வகைகளே உரியவை.

கவசங்கள் யாவும் இருந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுவதும் தவறாகும். தலைக்கவசம் வெட்டுக்காயங்களையும் வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் மண்டையோட்டினுள் மூளை குலுங்கிச் சுழல்வதை அதனால் தடுக்க முடியாது. இந்த விவாதத்தின் விளைவாகவே 2013ஆம் ஆண்டு ஆண்களுக்கான உயர்மட்டக் குத்துச்சண்டையிலிருந்து தலைக்கவசம் அகற்றப்பட்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அதுவின்றியே மோதினர். மூளை அதிர்ச்சிக்குள்ளான ஒருவர் முற்றாகக் குணமடைவதற்கு முன் மீண்டும் தலையில் அடிபட்டால், மூளை வீங்கி உயிராபத்து ஏற்படலாம் என மருத்துவம் எச்சரிக்கின்றது. இதனாலேயே தொழில்முறை சாராத சண்டை விளையாட்டுகளில், தலையில் அடிபட்டு வீழ்ந்தவர் ஏறத்தாழ ஒரு மாதமும், மூன்று மாதங்களுக்குள் இரண்டாவது தடவை வீழ்ந்தவர் மேலும் மூன்று மாதங்களும், ஓராண்டினுள் மூன்று தடவை வீழ்ந்தவர் ஓராண்டும் மேடையேறக்கூடாதென விதிக்கப்படுகின்றது. பயிற்சியின்போது மோதுவதற்கும் இத்தடை பொருந்த வேண்டும். வீரரின் மருத்துவக் கையேட்டில் இவை பதியப்படாவிட்டால், இன்று ஓரூரில் வீழ்ந்தவர் அடுத்த வாரம் வேறோர் ஊரில் மோதுவதைத் தடுக்க எவராலும் இயலாது.

விதிகள் ஏட்டில் இருந்து மைதானத்தில் இல்லாதபோது நேர்வது என்ன என்பதற்கு நமது அயல்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் நடைபெற்ற மாநில மட்ட 'கே-1' போட்டியொன்றில், முகத்தில் குத்து வாங்கி வீழ்ந்த மைசூரைச் சேர்ந்த 23 வயது இளைஞர் சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். போட்டி நடந்த இடத்தில் உரிய மருத்துவ வசதியோ அம்புலன்ஸோ இருக்கவில்லை என அவரது குடும்பத்தினர் முறையிட்டனர். ஏற்பாட்டாளர்கள் மீது பொலிஸார் வழக்குப் பதிவு செய்தனர். பெங்களூர், பெரிய மருத்துவமனைகள் நிறைந்த மாநகரம். அங்கே நேர்ந்தது இது.

நமது தோட்டப்புறங்களின் நிலையோ யாவரும் அறிந்ததே. நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, பூனாகலை போன்ற பகுதிகளின் தோட்டமொன்றில் தலையில் அடிபட்டவரைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது, வளைந்து செல்லும் மலைப்பாதைகளில், அதுவும் மழைக்காலத்தில், எத்துணை நேரமெடுக்கும் என்பதை அங்கு வாழ்வோரே அறிவர். 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பெரும் உதவியே. ஆயினும், மூளையில் இரத்தம் கசியத் தொடங்கிய ஒருவருக்கு, அழைத்த பின்னர் வரும் வாகனத்தை விட, ஏற்கனவே மைதானத்தில் நிற்கும் வாகனமே உயிர் கொடுக்கும். தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் அருகிலிருக்கின்றார் என்பது போட்டி மருத்துவர் இருக்கின்றார் என்பதற்கு ஈடாகாது. போட்டியை நிறுத்தும் அதிகாரம் கொண்ட மருத்துவர் மேடையருகே இல்லையெனில் போட்டியே நடைபெறக்கூடாது.

நமது பிள்ளைகளைப் பொறுத்தவரை மேலும் ஓர் ஆபத்து உண்டு. சண்டை விளையாட்டுகளில் எடைப்பிரிவு முக்கியமானது. குறைந்த எடைப்பிரிவில் மோதினால் வெற்றி எளிது என்றெண்ணி, உணவையும் நீரையும் தவிர்த்து உடலை வற்றச் செய்யும் பழக்கம் உலகெங்கும் காணப்படுகின்றது. 2015 டிசெம்பரில் மணிலாவில், கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியொன்றிற்காக இவ்வாறு எடை குறைக்க முயன்ற 21 வயதுச் சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற உயரமற்றோர் தேசிய ரீதியில் நூற்றுக்குச் சுமார் 17 பேராக இருக்கையில், பெருந்தோட்டத் துறையில் நூற்றுக்குச் சுமார் 32 பேராக இருந்தனர். ஊட்டம் குறைந்து வளர்ந்த பிள்ளையைப் பட்டினி போட்டு எடை பார்ப்பது விளையாட்டாகாது, கொடுமையாகும். எடை குறைக்கச் சிலர் நாடும் சிறுநீர்பெருக்கி மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளவை என்பதையும் பயிற்றுநர்கள் மறக்கலாகாது.

இனி அங்கீகாரம் பற்றி நோக்குவோம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2018 நவம்பரில் வாகோ அமைப்பிற்குத் தற்காலிக அங்கீகாரமும், 2021 ஜூலையில் டோக்கியோவில் நடைபெற்ற தனது அமர்வில் முழு அங்கீகாரமும் வழங்கியது. 2017ஆம் ஆண்டு போலந்தில் நடைபெற்ற உலக விளையாட்டுகளில் அழைப்பு விளையாட்டாக இடம்பெற்ற கிக் பொக்சிங், 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் பேர்மிங்ஹாமில் பதக்க விளையாட்டாக உயர்ந்தது. 2013 இன்சியோன், 2017 அஷ்காபாத் ஆசிய உள்ளக மற்றும் தற்காப்புக்கலை விளையாட்டு விழாக்களிலும் அது இடம்பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகால முயற்சியின் பலன் இது. ஊக்கமருந்துப் பரிசோதனை, மருத்துவ விதிகள், மத்தியஸ்தர் பயிற்சி, பெண்களுக்கான இடம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியதன் மூலமே இது சாத்தியமாயிற்று.

எனினும் ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறுவது வேறு. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிக் பொக்சிங் இல்லை. 1999ஆம் ஆண்டிலேயே அங்கீகாரம் பெற்ற கராத்தே, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு தடவை இடம்பெற்று, பாரிஸில் மீண்டும் விடுபட்டது. பெற்ற அங்கீகாரமும் நிலையானதன்று. நிர்வாகச் சீர்கேடும் மத்தியஸ்தம் குறித்த சந்தேகங்களும் காரணமாகச் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் குழு 2023 ஜூனில் இரத்துச் செய்தது. "நாளை ஒலிம்பிக்கிற்குப் போகலாம்" என்று கூறிக் கட்டணம் அறவிடுவோரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

கிக் பொக்சிங் என்ற பெயரில் உலகில் பல சம்மேளனங்கள் இயங்குகின்றன. பிரான்சில் தோன்றிய சவேட் என்னும் உதைக் குத்துச்சண்டைக்குத் தனியான விதிகளும் தனியான சர்வதேச அமைப்பும் உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூரில் நடைபெற்ற சவேட் போட்டியில் முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கம் வென்றபோது தமிழ் மக்கள் மகிழ்ந்தனர். வறுமையும் போரின் வடுவும் நிறைந்த மண்ணிலிருந்து ஒரு பெண் மேடையேற முடியும் என்பதை அவர் காட்டினார். அவரைப் பின்பற்ற விரும்பும் மலையகப் பெண்பிள்ளைகளுக்கு, தாம் பயில்வது எந்த அமைப்பின் விதிப்படி என்பதும், அதன் சான்றிதழ் எங்கு செல்லுபடியாகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏனெனில் இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டமே இவ்விடயத்தை ஆள்கின்றது. தேசிய விளையாட்டுச் சங்கங்கள் அச்சட்டத்தின்கீழ் பதிவுசெய்யப்படுகின்றன. நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அணிகள் விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதியுடனேயே வெளிநாடு செல்ல முடியும். பல்கலைக்கழக விசேட அனுமதியிலும், முப்படை மற்றும் பொலிஸ் ஆட்சேர்ப்பிலும் விளையாட்டுத் திறமை கணிக்கப்படும்போது, பதிவுபெற்ற சங்கத்தின் சான்றிதழுக்கே மதிப்புண்டு. கொழுந்து பறிக்கும் தாய் கடன்பட்டு வாங்கிக்கொடுத்த கையுறையும் பயணச்சீட்டும் ஈற்றில் எங்குமே ஏற்கப்படாத ஒரு தாளாக முடியுமாயின், அது அக்குடும்பத்திற்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

ஆகவே பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். சங்கம் சட்டப்படி பதிவுசெய்யப்பட்டதா? பயிற்றுநர் எங்கு தகுதி பெற்றார்? முதலுதவி அறிந்தவரா? பிள்ளை எந்த வகையில், எந்த எடைப்பிரிவில் மோதும்? மருத்துவப் பரிசோதனை எப்போது செய்யப்பட்டது? போட்டியன்று மருத்துவரும் அம்புலன்ஸும் இருப்பார்களா? விபத்து நேர்ந்தால் காப்புறுதி உண்டா? இவற்றிற்குத் தெளிவாகப் பதிலளிக்காத இடத்திலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்புவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அதிகாரிகளுக்கும் கடமையுண்டு. பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் உள்ளனர். மாகாண விளையாட்டுத் திணைக்களம் உள்ளது. தத்தமது பிரிவில் இயங்கும் தற்காப்புக்கலை வகுப்புகளின் விபரங்களைத் திரட்டி, பதிவுபெற்றவை எவை என்பதைத் தமிழிலும் வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. விதிநூல்களைத் தமிழில் கிடைக்கச் செய்வதும், மலையகத்திலிருந்து மத்தியஸ்தர்களைப் பயிற்றுவிப்பதும், கையுறையையும் கவசத்தையும் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளப் பாடசாலைகளுக்கு உதவுவதும் அடுத்த படிகளாகும்.

நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்வதற்கே 2021ஆம் ஆண்டுவரை காத்திருந்த மக்களுக்கு, 2014இல் மீரியபெத்தை மண்சரிவையும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளியையும் கண்ட மாவட்டத்திற்கு, கிக் பொக்சிங் ஒரு முதன்மையான பிரச்சினையா என்று சிலர் வினவலாம். வீடும் காணியும் பாதையும் முதன்மையானவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இளைஞர்கள் மேடையேறுவதற்கு முன் நமது அனுமதிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவர்கள் ஏறும் மேடையில் மருத்துவர் ஒருவர் இருக்கின்றாரா என்பதை உறுதிசெய்வதே நாம் செய்யக்கூடியது. ஊவா மாகாண விளையாட்டு அதிகாரிகளும், தோட்ட நிர்வாகங்களும், தொழிற்சங்கங்களும், பாடசாலைச் சமூகமும் இவ்விடயத்தில், உயிரொன்று பலியாகும்வரை காத்திராது, இப்போதே கவனம் செலுத்த வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.