இர்குன் நஸா: காலில் வலி, முதுகில் காரணம்

பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழும் இளைஞனைக் கண்டால் நம்மில் சிலருடைய புருவம் உயர்கிறது. "இந்த வயதில் என்ன முதுகுவலி?" என்று கேட்டும் விடுகிறோம். அந்தக் கேள்விக்கு அஞ்சியே வலியை மறைத்து, ருகூவிலும் சுஜூதிலும் பல்லைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. இந்நோயின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார்.

இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்புறமாகப் பாதம்வரை இறங்கும் வலியை அரபு மருத்துவர்கள் இர்குன் நஸா என்றழைத்தனர். இன்று நாம் சயாட்டிகா என்பது இதுவே. இஸ்ராயீல் தம்மீது சில உணவுகளைத் தாமே விலக்கிக்கொண்டதாக ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனம் கூறுகிறது. நபி யஃகூப் (அலை) அவர்களை வாட்டிய இவ்வலியே அதற்குக் காரணம் என்று விரிவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். இறைத்தூதர் ஒருவர் பட்ட வேதனையைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுவது எங்ஙனம் தகும்?

குர்துபாவுக்கு அருகே 936இல் பிறந்த அபுல்காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கென ஒதுக்கினார். இடுப்பு வலிக்குச் சூடிடும் முறையும், பிசகிய முள்ளெலும்பைப் பலகையில் படுக்கவைத்து இழுத்துச் சரிசெய்யும் முறையும் அதில் உள்ளன. நோயாளி தம்மையறியாமல் மலம் கழித்து, உறுப்புகளும் செயலிழந்தால் அது கொடிய அறிகுறி என்றும் அவர் எச்சரித்தார். அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980–1037), கப்பல் கட்டுவோர் முதலில் கிடத்தும் அடிமரத்துக்கு முதுகெலும்பை ஒப்பிட்டார்.

ஆயினும் வலியின் மூலம் நெடுங்காலம் புலப்படவில்லை. வலித்தது கால்; சூடு பட்டதும் பெரும்பாலும் இடுப்பும் காலுமே. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் அமைந்த வட்டு கிழிந்து, அதன் உட்கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துவதை எவரும் கண்டாரில்லை. தண்டுவடக் குழாயில் அறுவை மருத்துவர்கள் கண்ட அத்தகைய கட்டிகளும் குருத்தெலும்புக் கழலைகள் என்றே பெயர் பெற்றன.

1932இல் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் மருத்துவர் இருவர், பனிச்சறுக்கில் அடிபட்ட ஓர் இளைஞரின் முதுகிலிருந்து எடுத்த திசுவை ஆராய்ந்தனர். அது கழலையன்று, பிதுங்கிய வட்டு என்று தெளிந்தனர். கழலை என்று முன்னர் பெயரிட்டுச் சேமித்த மாதிரிகளையும் மீண்டும் ஆய்ந்து, 1934இல் முடிவை வெளியிட்டனர். நூற்றாண்டுகளின் புதிர் அவிழ்ந்தது.

இளமையில் வட்டின் உட்கூழ் ஈரம் மிகுந்தது. ஆகவே, பெரும்பாரம் தூக்குகையில் புறவளையம் கிழிந்தால் அது எளிதில் பிதுங்கும். சிலருக்கு ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மேல் நழுவி, முதுகு உறுதியிழப்பதும் உண்டு. இளமை இதற்குக் காப்பன்று.

வட்டு பிதுங்கியோரில் பெரும்பாலோர் அறுவையின்றியே சில வாரங்களில், இன்ஷா அல்லாஹ், நலம் பெறுகின்றனர். ஆனால், கால் வலுவிழந்தாலோ, மறைவிடம் மரத்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாது போனாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காரணம் அறியாதோரிடம் முதுகை மிதிக்கவும் முறுக்கவும் கொடுப்பது ஆபத்து.

மருந்து தேடுமாறு பணித்தவர் நபி (ஸல்) அவர்கள். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம் நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் கூறியவரும் அவர்களே. மார்க்கம் தந்த அச்சலுகையை இளைஞனிடமிருந்து நம் பார்வையால் பறிக்க வேண்டா. வலி எங்கே என்று பரிவோடு கேட்போம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக, ஆமீன்.