ஒரு தொடக்கத்தின் இரு பாடங்கள்: ‘ஆன் அன்எர்த்லி சைல்டு’ (1963) தொலைக்காட்சிப் பகுதியின் ஆக்கமும் ஏற்பும்

முன்னுரை

பாடவேறுபாடு என்னும் கருத்து சுவடிப் பதிப்பு மரபில் பயின்றோர்க்குப் புதிதன்று. ஒரே நூலின் இரு படிகள் வேறுபட்டு நிற்கும்போது, எது மூலம் என்ற வினாவுடன் ஏன் மாறியது என்ற வினாவும் எழுகிறது. தொலைக்காட்சி நாடகத்தையோ ஒருமுறை பதிவாகி, ஒருமுறை ஒளிபரப்பாகி முடிந்துவிட்ட பொருளாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். அக்கருத்து எல்லா இடத்தும் பொருந்துவதில்லை என்பதற்குச் சிறந்த சான்று, பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 சனிக்கிழமை மாலை ஒளிபரப்பிய ‘ஆன் அன்எர்த்லி சைல்டு’ என்னும் 25 நிமிடப் பகுதி. ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் முதற்பகுதி இதுவே.

இப்பகுதி இருமுறை பதிவு செய்யப்பட்டது. ஒரு வார இடைவெளியில் இருமுறை ஒளிபரப்பப்பட்டது. இதன் வரலாற்றைக் கூறுவோர் வழக்கமாக இரண்டு விளக்கங்களை முன்வைப்பர். தொடர் ஒரு தனிமனிதரின் கற்பனையில் பிறந்தது என்பது ஒன்று. அமெரிக்க அதிபர் கென்னடியின் படுகொலைச் செய்தியால் முதல் ஒளிபரப்பு கவனம் பெறாமல் போயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முழு விளக்கங்கள் ஆகா என்பதும், திருத்திச் செய்வதற்கு ஒரு நிறுவனம் அளித்த வாய்ப்பே இத்தொடக்கத்தை உருவாக்கியது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அறிக்கைகளிலிருந்து திட்டத்திற்கு

பிபிசிக்கு அறிவியல் புனைவு அயலானதன்று. 1953இல் நைஜல் நீல் எழுதிய ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ தொடரும், 1961இல் ‘ஏ ஃபார் ஆன்ட்ரோமெடா’ தொடரும் பரவலாகப் பேசப்பட்டவை. எனினும் இவ்வகைமை தொலைக்காட்சிக்கு எந்த அளவு ஏற்றது என்ற ஐயம் நிறுவனத்துக்குள் நீடித்தது. 1962இல் அதன் கதைத்துறையினர் இது குறித்து இரண்டு அறிக்கைகளை அளித்தனர். முதல் அறிக்கையை ஆலிஸ் ஃபிரிக், டொனால்ட் புல் ஆகியோரும், இரண்டாவதை ஆலிஸ் ஃபிரிக், ஜான் பிரேபன் ஆகியோரும் எழுதினர். துருத்திய விழிகளையுடைய அயற்கோள் அரக்கர்களைத் தவிர்க்க வேண்டும் என்பது இரண்டாம் அறிக்கையின் அறிவுரைகளுள் ஒன்று.

கனடாவைச் சேர்ந்த சிட்னி நியூமன் நாடகத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபின் இவ்வறிக்கைகள் புதிய பயன் பெற்றன. சனிக்கிழமை மாலையில் ‘கிராண்ட்ஸ்டான்ட்’ விளையாட்டு நிகழ்ச்சிக்கும் ‘ஜூக் பாக்ஸ் ஜூரி’ இசை நிகழ்ச்சிக்கும் இடையே குடும்பத்தார் அனைவரையும் ஈர்க்கும் தொடர் ஒன்று தேவைப்பட்டது. 1963 மார்ச்சில் தொடர்நாடகப் பிரிவுத் தலைவர் டொனால்ட் வில்சன், ஃபிரிக், பிரேபன், எழுத்தாளர் சி.இ. வெபர் ஆகியோர் கூடி விவாதித்தனர். தொடரின் அமைப்பு இவ்விவாதங்களிலும், வெபர் எழுதிய குறிப்புகளிலும், அவற்றின் விளிம்புகளில் நியூமன் எழுதிய மறுப்புகளிலும் படிப்படியாக உருப்பெற்றது. அரக்கர்களை நியூமனும் விலக்கினார். கல்வி நோக்கம் அவருக்கு முதன்மையாக இருந்தது. ஆதலால்தான் முதன்மைப் பாத்திரங்களுள் இருவர் பள்ளி ஆசிரியர்கள் ஆயினர்: இயான் செஸ்டர்டன் அறிவியல் ஆசிரியர், பார்பரா ரைட் வரலாற்று ஆசிரியர்.

முதற்கதையாக வெபரின் எழுத்தே திட்டமிடப்பட்டிருந்தது. அது கைவிடப்பட்டபின், ஆஸ்திரேலியரான ஆண்டனி கோபர்னின் கற்காலக் கதை அவ்விடத்தைப் பெற்றது. சூசன் என்னும் மாணவி டாக்டரின் பேத்தி என்ற உறவும், காலப்பயணக் கலம் லண்டன் தெருக்களில் அன்று வழக்கமாகக் காணப்பட்ட நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டின் வடிவில் நிற்பதும் கோபர்னின் பங்களிப்புகளாகக் கருதப்படுகின்றன. எனவே ‘யார் படைத்தார்’ என்ற வினாவுக்கு ஒரே பெயரை விடையாகக் கூறுவது, கோப்புகளில் பதிவாகியுள்ள கூட்டுழைப்பை மறைப்பதாகும்.

பதிவுக்கூடச் சூழல்

தயாரிப்பாளராக நியூமன் தேர்ந்தெடுத்த வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. இயக்குநர் வாரிஸ் உசேனுக்கு வயது 24. லக்னோவில் பிறந்த உசேன், ஆங்கிலத்தில் எழுதிய இந்திய எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். ஆண்களே நிரம்பிய ஒரு துறையில் ஓர் இளம்பெண்ணும், வெள்ளையர் நிரம்பிய ஓர் அமைப்பில் ஓர் இந்திய இளைஞரும் இப்பணியை ஏற்றனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது லைம் குரோவ் வளாகத்தின் ‘டி’ பதிவுக்கூடம். அது பழையது, இடவசதி குறைந்தது.

அக்காலத்தில் வீடியோ நாடாவை வெட்டித் தொகுப்பது செலவுமிக்க வேலை. ஆகவே காட்சிகள் மேடை நாடகம்போல் தொடர்ச்சியாக நடிக்கப்பட்டுப் பதிவாயின. நடிகர் சொல் தடுமாறினாலும், ஒளிப்படக் கருவி அரங்கப்பொருளில் மோதினாலும் அப்பிழை பெரும்பாலும் அப்படியே நிலைத்துவிடும். மறுபதிவு எத்தகைய அரிய வாய்ப்பு என்பதை இச்சூழலில் வைத்தே உணர இயலும்.

இரு பாடங்கள்

முதற்பதிவு 1963 செப்டம்பர் 27 அன்று நிகழ்ந்தது. கலத்தின் கதவுகள் சரிவர மூடாமல் ஓசை எழுப்பின. நடிப்பிலும் ஒளிப்பதிவிலும் குறைகள் இருந்தன. பார்த்த நியூமன் நிறைவடையவில்லை. எனினும் திட்டத்தைக் கைவிடாமல், பகுதி முழுவதையும் மீண்டும் பதிவு செய்யப் பணித்தார். அதன்படி அக்டோபர் 18 அன்று இரண்டாம் பதிவு நடைபெற்றது. இவ்விரு பதிவுகளும் இன்று கிடைக்கின்றன. அவற்றை ஒப்பிடும்போது கருவிக் கோளாறுகளின் திருத்தத்தைக் கடந்த மாற்றங்கள் சில புலனாகின்றன.

முதலாவது, டாக்டரின் இயல்பு. முதற்பாடத்தில் வில்லியம் ஹார்ட்னலின் டாக்டர் கடுமையும் அச்சுறுத்தலும் மிகுந்தவர். சமகாலக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர். இரண்டாம் பாடத்தில் அவரிடம் கடுமை முற்றிலும் நீங்கவில்லையாயினும், எள்ளலும் முதுமைக்குரிய குறும்பும் அதனோடு கலந்துள்ளன. உடையும் முந்தைய நூற்றாண்டை நினைவூட்டும் பாணிக்கு மாறியது. எக்காலத்துக்கும் உரியவரல்லர் என்பதை உடையே உணர்த்திவிடுகிறது.

இரண்டாவது, சூசனின் பாத்திரம். முதற்பாடத்தில் தனித்திருக்கும் சூசன் தாளில் மைத்தடம் பதித்து விநோத வடிவம் ஒன்றை வரைகிறாள். இரண்டாம் பாடத்தில் அவள் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நூலைப் புரட்டி, அதிலுள்ள செய்தி ஒன்று தவறென வியக்கிறாள். முதற்செயல் அவளை விளங்காத பிறவியாகக் காட்டுகிறது. இரண்டாம் செயல், நிகழ்ச்சியை நேரில் கண்டவளோ என்று பார்ப்போரை எண்ணவைக்கிறது. வரலாற்றைக் கற்பிக்கும் தொடரின் நோக்கமும் காலப்பயணம் என்னும் அதன் கற்பனையும் அந்த ஒரு செயலில் இணைகின்றன.

மூன்றாவது மாற்றமே மிக முக்கியமானது. தான் 49ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்று முதற்பாடத்தில் சூசன் கூறுகிறாள். இரண்டாம் பாடத்தில் அந்த எண் நீக்கப்பட்டு, வேறொரு காலம், வேறோர் உலகம் என்ற பொருளில் பேச்சு அமைகிறது. முதற்பாடத்தின்படி இவர்கள் எதிர்காலத்தவர் என்று கொள்ளலாம். இரண்டாம் பாடம் அதையும் உறுதிப்படுத்தாமல் விடுகிறது. ஒரு விவரத்தை நீக்கியதால் உண்டான இவ்வெற்றிடத்தில்தான் பிற்கால எழுத்தாளர்கள் டாக்டரின் பிறப்பிடத்தையும் இனத்தையும் படிப்படியாகக் கட்டமைத்தனர். ‘49ஆம் நூற்றாண்டு’ நிலைத்திருப்பின் அவர்களுக்கு அவ்விடம் குறுகியிருக்கும். திருத்தம் என்பது சேர்ப்பது மட்டுமன்று, விடுவதும் ஆகும் என்பதற்கு இது தக்க சான்று.

ஒளிபரப்பும் மறு ஒளிபரப்பும்

கென்னடி கொல்லப்பட்டது நவம்பர் 22. மறுநாள் மாலை, குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட தாமதத்துடன் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. பார்த்தோர் ஏறத்தாழ 44 இலட்சம் பேர். அவர்கள் அளித்த பாராட்டுக் குறியீடு நூற்றுக்கு 63. நவம்பர் 30 அன்று, இரண்டாம் பகுதிக்குச் சற்று முன்னர் முதற்பகுதியைப் பிபிசி மீண்டும் ஒளிபரப்பியது. இம்முறை பார்வையாளர் ஏறத்தாழ 60 இலட்சமாக உயர்ந்தனர்.

துயரச் செய்தி பார்வையாளரைக் குறைத்தது என்ற கூற்றை இவ்வுயர்வு ஓரளவு வலுப்படுத்துகிறது. ஆனால் அடுத்தடுத்த எண்கள் அக்கூற்றின் எல்லையையும் காட்டுகின்றன. அக்கதையின் எஞ்சிய மூன்று பகுதிகளை முறையே 59, 69, 64 இலட்சம் பேர் பார்த்தனர். பாராட்டுக் குறியீடோ 59, 56, 55 என இறங்கியது. பள்ளியில் தொடங்கிய புதிர் கற்காலக் குகைக்கு நகர்ந்தபின் பார்ப்போர் கூடினர், ஆனால் மதிப்பு குறைந்தது. நான்கனுள் குறைவானோர் பார்த்த பகுதியே கூடுதல் மதிப்பைப் பெற்றது. ஆகவே முதற்பகுதியின் ஏற்பைப் பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளவிடுவது பொருந்தாது.

தொடருக்குப் பெருந்திரளை ஈட்டித் தந்தது டிசம்பர் 21 அன்று தொடங்கிய இரண்டாம் கதை. டெர்ரி நேஷன் எழுதிய அக்கதையில் தோன்றிய டாலெக்குகளால் அது முடிவதற்குள் பார்வையாளர் ஒரு கோடியைக் கடந்தனர். அறிக்கையும் நியூமனும் விலக்கிய அரக்கர் வகையே தொடரை நிலைநிறுத்தியது. முதற்பகுதியைத் திருத்திய நிறுவன அறிவு அனைத்திலும் பிழையற்றதன்று என்பதையும் இது நினைவூட்டுகிறது. ஆயினும் லாம்பர்ட் அக்கதையை உறுதியுடன் ஆதரித்து எடுத்துச் செல்ல, அவர் பொறுப்பில் ஒரு தொடர் இருந்தாக வேண்டும். அதை அளித்தது மறுபதிவு.

பெயர்களும் உரிமையும்

பாடங்கள் எஞ்சியிருப்பதும் தற்செயலுக்கு உட்பட்டதே. பிபிசி வீடியோ நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திய வழக்கத்தால், இத்தொடரின் 1960களைச் சேர்ந்த 90க்கும் மேற்பட்ட பகுதிகள் மறைந்தன. முதற்பகுதி, வெளிநாட்டு விற்பனைக்கெனத் திரைப்படச் சுருளில் எடுத்த படியின் வழி பிழைத்தது. ஒளிபரப்பாகாத முதற்பதிவைப் பொதுமக்கள் 1991 ஆகஸ்ட் 26 அன்றுதான் தொலைக்காட்சியில் கண்டனர்.

எஞ்சிய படியிலும் அனைவர் பெயரும் எஞ்சவில்லை. ரான் கிரெய்னர் இயற்றிய தொடக்க இசையை, மின்னணு ஓசைகளை நாடாவில் பதிந்து வெட்டி ஒட்டி உருவாக்கியவர் டெலியா டெர்பிஷயர். கிரெய்னர் அவருக்கு ஊதியத்தில் பங்களிக்க விரும்பியும் நிறுவன விதிகள் இடந்தரவில்லை. திரையில் பணிமனையின் பெயர் வந்தது. டெர்பிஷயரின் பெயர் வரவில்லை. 2013ஆம் ஆண்டுப் பொன்விழாப் பகுதியில்தான் தொடரின் திரைப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. திரைக்கதையாசிரியர் கோபர்னின் நிலை இதற்கு மாறானது. 2023இல் அறுபதாம் ஆண்டையொட்டி 800க்கும் மேற்பட்ட பகுதிகளைப் பிபிசி தன் இணையத் தளத்தில் வைத்தபோது, முதற்கதையின் நான்கு பகுதிகளும் அதில் இல்லை. அத்திரைக்கதையின் உரிமை கோபர்னின் வாரிசிடம் இருந்தது, உடன்பாடு எட்டப்படவில்லை. கூட்டாக உருவான ஒரு படைப்பில், நிறுவன விதி ஒருவர் பெயரை மறைத்தது. எழுத்துரிமை மற்றொருவர் பங்கை முழுப் படைப்பின் வாயிலாக்கியது.

முடிவுரை

‘ஆன் அன்எர்த்லி சைல்டு’ ஒருவர் கற்பனையிலோ ஒருநாள் ஒளிபரப்பிலோ தோன்றிய தொடக்கமன்று. அறிக்கை, வரைவு, முதற்பதிவு, மறுபதிவு, ஒளிபரப்பு, மறு ஒளிபரப்பு என்னும் படிநிலைகளில் அது உருவாயிற்று. இரு பாடங்களின் ஒப்பீடு, நீக்கப்பட்ட ஒரு நூற்றாண்டு எண் தொடரின் எதிர்காலத்துக்கு இடமளித்ததைக் காட்டுகிறது. பார்வையாளர் எண்களோ கென்னடி விளக்கத்தின் போதாமையை உணர்த்துகின்றன.

இவ்வொப்பீடு இயன்றதற்குக் காரணம், நிராகரிக்கப்பட்ட பதிவும் அழியாமல் இருந்ததே. தொலைக்காட்சியை ஆராய்வோர் ஒளிபரப்பான வடிவத்தோடு நின்றுவிடாமல், கைவிடப்பட்ட பதிவுகளையும் வரைவுகளையும் பெயர்ப்பட்டியலில் விடுபட்டோரையும் தேட வேண்டும். ஏற்கப்படாத படியையும் காத்து வைக்கும் காப்பகம் இல்லையேல், ஒரு படைப்பு எவ்வாறு திருந்தியது என்று கேட்கவும் நமக்கு வழியிராது.