பித்தளை பல்லிளிக்கட்டும்

கவரிங் நகையைப் பத்தி எங்க போடி பக்கம் சொல்வாங்க, நாலு மாசம் போட்டா பித்தளை பல்லை இளிச்சிரும்னு. மேல்பூச்சு போய் உள்ள இருக்கிற சங்கதி வெளிய தெரிஞ்சா மானக்கேடு. ஆனா பழைய ஃபிலிம் கேமரா பைத்தியங்க கதை தலைகீழ். கருப்பு பெயின்ட் உரிஞ்சு, ஓரமெல்லாம் மஞ்சளா பித்தளை தெரியுற கேமராவைத் தேடிப்போய் வாங்குவாங்க. இது எங்கிருந்து வந்த கிறுக்குன்னு தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

ஜெர்மனியில 1925-ல லைக்கா விற்பனைக்கு வந்தப்ப அதுக்குக் கருப்பு எனாமல் பூச்சுதான். 1933 வாக்கில குரோம் முலாம் வந்துச்சு. குரோம் கெட்டியான சமாச்சாரம், வருஷக்கணக்கா கை பட்டாலும் லேசுல அசையாது. வாங்கினவங்களுக்கு சந்தோஷம். தெருவுல நின்னு படம் எடுக்கிறவங்களுக்கோ அந்தப் பளபளப்பே தொல்லை. வெயில்ல பளிச்சுன்னு மின்னினா எதிர்ல இருக்கிறவர் திரும்பிப் பார்த்துருவார், படம் போச்சு. ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் தன்னோட லைக்காவுல பளபளக்கிற இடங்களைக் கருப்பு டேப் ஒட்டி மறைச்சு வச்சிருந்தார். ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 அன்னிக்கு மறைஞ்சப்ப திருவண்ணாமலையில இருந்து படம் எடுத்தாரே, அதே ஆள்தான்.

டேப் ஒட்டுறதுக்குப் பதிலா கம்பெனிக்காரனே கருப்படிச்சுக் குடுத்தா என்ன? பத்திரிகைக்காரங்க கேட்டாங்க, செஞ்சாங்க. 1959-ல வந்த நிக்கான் எஃப் குரோம்லயும் கிடைச்சுது, கருப்புலயும் கிடைச்சுது. இந்தக் கருப்புங்கிறது பித்தளைத் தகடு மேல சன்னமா ஒரு பெயின்ட், அவ்வளவுதான். கழுத்துல தொங்கி சட்டை பட்டன்ல உரசும், பைக்குள்ள லென்ஸோட இடிபடும், கட்டைவிரல் ஒரே இடத்துல லட்சம் தடவை படும். முதல்ல முனைங்க, அப்புறம் விளிம்புங்க, கடைசியில பெயின்ட் விட்டுக்குடுத்துரும். அதனால தேஞ்ச கருப்பு கேமரான்னா வேலை பார்த்த கேமரான்னு அர்த்தம் ஆகிப்போச்சு.

அந்தக் காலம் ரொம்ப நாள் நீடிக்கலை. 1970-கள்ல பெயின்டுக்குப் பதிலா கருப்பு குரோம் வந்தது, அது சீக்கிரம் உரியாது. 1976-ல கேனான் ஏஇ-1 வந்தப்ப மேல்மூடியே பிளாஸ்டிக், அதுக்கு உலோகம் மாதிரி ஒரு வேஷம். பிளாஸ்டிக் தேஞ்சா பிளாஸ்டிக்தான் தெரியும், அதுல என்ன கவிதை வேண்டிக்கிடக்கு? நம்மூர்ல நிறைய வீட்டு பீரோவுல இருந்த, பரோடாவுல தயாரான ஆக்ஃபா கிளிக் 3-ம் பிளாஸ்டிக் உடம்புதான். நம்ம ஊட்டி தொழிற்சாலையில செஞ்ச இந்து ஃபிலிமையும், எத்தனையோ பிறந்தநாளையும் பார்த்த கேமரா அது. ஆனா அதோட கீறலுக்கு எந்த ஏலத்துலயும் மரியாதை கிடையாது.

மரியாதை யாருக்குன்னா, லைக்காவை வடிவமைச்ச ஆஸ்கர் பர்னாக் தானே வச்சு எடுத்த கேமராவுக்கு. 2022-ல அது 144 லட்சம் யூரோவுக்குப் போச்சு. இதுகூடப் பரவாயில்லை. 2015-ல லைக்கா கம்பெனியே, பாடகர் லென்னி கிராவிட்ஸ் வடிவமைப்புன்னு சொல்லி, புது கேமராவைத் தொழிற்சாலையிலேயே கையால தேய்ச்சு, பித்தளை தெரியவச்சு 125 செட் வித்துச்சு. கிழிஞ்ச ஜீன்ஸ் விக்கிறவன் புத்தி அங்கயும் இருக்கு! யாரும் தொடாத கேமராவுல நாப்பது வருஷ உழைப்பாம்.

இதுல எனக்கு என்ன அவ்வளவு கோபம்னா, நிஜத் தேய்மானத்தைப் படிக்க முடியும். போடியில ஸ்டூடியோ வச்சிருந்த என் தாய்மாமாவோட யாஷிகா மேட் 124 ஜி இப்ப என் மேசையில இருக்கு. 1970-ல இருந்து 80-கள் நடுவரைக்கும் ஜப்பான்ல தயாரான மாடல். குனிஞ்சு பார்த்து எடுக்கிற ரெட்டை லென்ஸ், ஒரு ரோலுக்கு 12 படம். இது பித்தளை இளிக்கிற ஜாதி இல்லை. வார்ப்பு அலுமினியம், அதனால உரிஞ்ச இடம் சாம்பல் வெள்ளையா இருக்கு. அடியில ட்ரைபாட் துளையைச் சுத்தி வட்டமா பெயின்டே இல்லை. அது ஃபிளாஷ் பிராக்கெட்டை முடுக்கி முடுக்கிக் கழட்டினது, ஒவ்வொரு முடுக்கும் ஒரு கல்யாணம், இல்லேன்னா ஒரு சடங்கு. வலப்பக்கம் ஃபிலிம் சுத்துற கைப்பிடியோட தடம் அரைவட்டமா விழுந்திருக்கு. பின்பக்க முனை ரெண்டும் மழுங்கினது ஜீப்புல. போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்ட லயத்து வீடுகளுக்குப் போய்ப் படம் எடுத்துட்டு வருவார். காலையில வேலைக்குப் போற ஆளுங்களோட இடிச்சுக்கிட்டுத்தான் பயணம். மடியில வச்சுக்கலாம்ல மாமான்னு ஒருதடவை கேட்டேன். "மடியில புள்ளைகள வச்சிருக்காகடா மாப்ள"ன்னார்.

தேய்மானம் எல்லாமே அழகுன்னு நான் சொல்ல வரலை. பழைய ஜெய்ஸ் கேமராக்கள்ல தோலுக்கு அடியில கொப்புளம் கொப்புளமா இருக்கும். உள்ள இருக்கிற பித்தளை ஆணியில களிம்பு ஏறி மேல முட்டுறது. அது பார்க்கத்தான் அசிங்கம், படத்தை ஒண்ணும் செய்யாது. லென்ஸ் பூஞ்சை அப்படியில்லை. சிலந்தி வலை மாதிரி பரவி, அமிலம் விட்டு, பூச்சையும் கண்ணாடியையும் அரிச்சிரும். மலைக்காத்துல ஈரம் எப்பவும் இருக்கும். நூத்துக்கு 80 பங்கு ஈரத்தோட வர்ற பச்சை ஏலக்காயை ஸ்டோர்ல சூடு காட்டி 10, 12 பங்குக்குக் கொண்டுவர்றதே ஒரு பெரிய வேலை. மாமா ராத்திரியில கேமராவை பல்பு எரியுற தகரப்பெட்டியில வைப்பார். காய்க்கு ஸ்டோர், கேமராவுக்குப் பெட்டி. இருந்தும் மேல் லென்ஸ்ல ஓரமா பூஞ்சை பிடிச்சிருக்கு.

மாமா போன வருஷம் தவறிட்டார். மச்சான் இதை விக்கணும்கிறான். யாரோ ஒருத்தர் முழுசா பெயின்ட் அடிச்சு, புதுத்தோல் ஒட்டி, ஷோகேஸ் பீஸ் ஆக்கித் தர்றேன்னு சொல்லியிருக்காராம். பூஞ்சையைத் துடைக்கக் குடு, பெயின்ட் வேணாம்னு நேத்து போன்ல ஒருமணி நேரம் மல்லுக்கட்டினேன். அடியில இருக்கிற அந்த வட்டத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "சரி மச்சான், இப்படியே குடுத்தா நீ எவ்வளவு தருவ?"ன்னு கேட்டான். இன்னும் ஒரு தொகை சொல்லலை. இந்த மாடல் விலை நிலவரம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.