கயிற்றை யார் பிடிப்பது?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். 30-வது வளைவில் என் அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோனாள். 50-வதில் அதை அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். ஒரு வழியாக மேலே சோளக்காட்டில் இறங்கி, சந்தை ஓரத்து டீக்கடையில் ஒரு சூடான டீ உள்ளே போய், திரும்பவும் மனுஷனாக உணர்ந்த நேரத்தில் அக்கா மகன் கேட்டான்.

"மாமா, இங்கேருந்து ஒரு பங்ஜி ஜம்ப் அடிச்சா எப்படி இருக்கும்?"

பையனுக்குப் பதினேழு வயசு. பிளஸ் டூ முடித்த கையோடு ரிஷிகேஷ் போய்க் காலில் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மைனர் என்பதால் பெரியவர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்பா முடியாது என்றுவிட்டார். அம்மாவிடம் கேட்கவே பயம். மிச்சம் இருப்பது தாய்மாமன்! இந்தக் கொல்லிமலைப் பயணமே எனக்கு வைக்கப்பட்ட ஐஸ் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யோசிக்கலாம்" என்று சொல்லி வைத்தேன். யோசிக்க ஆரம்பித்ததும் நிஜமாகவே சுவாரஸ்யமாகிவிட்டது.

இந்த விளையாட்டின் ஊற்றுக்கண், பசிபிக் கடலில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, வனுவாட்டு நாட்டில் உள்ள பெந்தகோஸ்த் என்ற தீவில் இருக்கிறது. அங்கே ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் காட்டு மரங்களை வெட்டிக் கொடியால் கட்டி, ஏழெட்டு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்புவார்கள். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. ஆண்கள் இரண்டு கணுக்காலிலும் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து தலைகுப்புறக் குதிப்பார்கள். கீழே தண்ணீர் இல்லை. கொத்திவிட்ட வெறும் மண்தான். குதிப்பவனின் தலைமுடியோ தோளோ மண்ணை லேசாகத் தொட வேண்டும். அப்படித் தொட்டால் வள்ளிக்கிழங்கு விளைச்சல் அமோகமாக இருக்கும் என்பது நம்பிக்கை. கிழங்குக்காக உயிரைப் பணயம் வைப்பதா என்று சிரிக்காதீர்கள். அந்தத் தீவில் கிழங்குதான் சோறு.

இதற்கு அவர்கள் சொல்லும் கதை இன்னும் ஜோர். தமாலி என்று ஒருவன். புருஷன் தொல்லை தாங்காமல் அவன் மனைவி காட்டுக்குள் ஓடி ஆலமரத்தில் ஏறிவிட்டாள். இவனும் விரட்டிக்கொண்டு ஏறினான். அவள் உச்சியிலிருந்து குதித்தாள். இவனும் குதித்தான். அவள் பிழைத்தாள், அவன் செத்தான். காரணம், குதிப்பதற்கு முன்னால் அவள் சத்தமில்லாமல் காலில் கொடியைக் கட்டிக்கொண்டுவிட்டாள்! இனி எந்தப் பெண்ணும் நம்மை இப்படி ஏமாற்றக் கூடாது என்று அன்றிலிருந்து ஆண்கள் குதித்துப் பழகுகிறார்களாம். கண்டுபிடித்தவள் பெண். ஆனால் இன்றைக்கும் அங்கே பெண்கள் குதிக்கத் தடை. வேறென்னத்தைச் சொல்ல?

வேடிக்கையை விட்டுவிட்டுக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், இது அசட்டுத் துணிச்சல் அல்ல என்பது புரியும். எந்தக் கொடி, எத்தனை நீளம், யாருடைய எடைக்கு எது தாங்கும் என்பதை அனுபவஸ்தர்களான பெரியவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தராசும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. எல்லாம் கண்ணளவு, கையளவு. அவன் குதிக்கும் மேடையைக்கூட, இழுப்பு விழும் நேரத்தில் மடங்கி ஒடிகிற மாதிரி கட்டியிருப்பார்கள். அதிர்ச்சியில் பாதியை மேடை வாங்கிக்கொள்ளும். சின்னப் பையன்கள் முதல்முறை குதிக்கும்போது, அவன் குழந்தையில் வைத்து விளையாடிய ஏதோ ஒரு சாமானை அம்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் பத்திரமாகக் கீழே வந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுவாள். குழந்தை போயாச்சு, ஆம்பளை வந்தாச்சு.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாதம். மழைக்காலம் முடிந்த அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் கொடியில் சாறு ஏறி, இழுத்தால் கொடுக்கும் பதத்தில் இருக்கும். மற்ற நாளில் அது வெறும் கட்டை.

1974-ம் வருஷம் பிப்ரவரியில் இங்கிலாந்து ராணி எலிசபெத் அந்தப் பக்கம் விஜயம் செய்தார். அப்போது அந்தத் தீவுகளுக்கு நியூ ஹெப்ரடீஸ் என்று பெயர். பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாக ஆண்டுகொண்டிருந்தன. மகாராணி வருகிறார், நம் ஊர் ஸ்பெஷலைக் காட்ட வேண்டாமா? அதிகாரிகள் ஏற்பாடு செய்தார்கள். இது சீசன் இல்லையே, கொடி பதத்துக்கு வரவில்லையே என்பதெல்லாம் எடுபடவில்லை. ஒருவர் குதித்தார். கொடி காப்பாற்றவில்லை. அவர் பிழைக்கவில்லை. ராணி வருவதற்காகக் கொடி ஒன்றும் சீக்கிரம் பழுத்துவிடாது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் உயிர் வேண்டியிருந்தது. பிறகு 1980-ல் விடுதலை கிடைத்து நாட்டின் பெயரும் வனுவாட்டு என்று மாறியது.

அடுத்த சீன், இங்கிலாந்து. 1979, ஏப்ரல் 1. தேதியைக் கவனியுங்கள்!

ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து 'டேஞ்சரஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். பெந்தகோஸ்த் தீவின் கதை அவர்களுக்குத் தெரியும். காட்டுக்கொடிக்குப் பதிலாக ரப்பர் கயிறு கட்டினால் என்ன? பிரிஸ்டல் நகரில் ஏவான் ஆற்றுக்கு மேலே 1864-ல் திறந்த கிளிஃப்டன் தொங்குபாலம் இருக்கிறது. கிட்டத்தட்ட 250 அடி உயரம். செய்தி முன்கூட்டியே கசிந்து போலீஸ் வந்து நின்றது. ராத்திரி முழுக்கப் பார்ட்டி அடித்த நம் ஹீரோக்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. முட்டாள்கள் தினம் ஆயிற்றே, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று போலீஸ் கிளம்பிப் போனது. அதற்கப்புறம் வந்தார்கள்.

முதலில் குதித்தவர் டேவிட் கிர்க். தலையில் உயரமான தொப்பி, கல்யாணக் கோட்டு, கையில் ஷாம்பெய்ன் பாட்டில். பின்னாலேயே இன்னும் மூன்று பேர். ஒரு மூட்டை மணலைக் கட்டித் தூக்கிப் போட்டாவது சோதித்துப் பார்த்தார்களா என்றால், இல்லை. சோதித்துவிட்டால் அப்புறம் அதில் ஆபத்து என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி! நான்கு பேரும் பிழைத்தார்கள். கைதும் ஆனார்கள். கிர்க் 2023-ல் காலமானார், 78 வயதில். ஆபத்தையே தொழிலாக வைத்திருந்தவருக்கு இது நல்ல ஆயுள்.

இந்த வீடியோவைப் பார்த்துச் சொக்கிப்போனவர்தான் நியூஸிலாந்துக்காரரான ஏ.ஜே.ஹாக்கெட். நான் பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த ஆளைத்தான் ரொம்பப் பிடிக்கிறது. முந்தையவர்கள் சாகசம் செய்தார்கள். இவர் கணக்குப் போட்டார். ரப்பர் எத்தனை எடைக்கு எவ்வளவு நீளும், எத்தனை முறை இழுத்த பிறகு சோர்ந்துபோகும் என்று விஞ்ஞானிகளிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். 1986-ல் ஆக்லாந்தில் ஒரு பாலத்திலிருந்து குதித்துப் பார்த்தார். 1987 ஜூனில் பாரீஸ் ஈஃபில் டவரில் ராத்திரி ஒளிந்திருந்து, விடியற்காலையில் கோட்டு சூட்டோடு குதித்தார். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. மறுநாள் உலகப் பேப்பர்களில் எல்லாம் அவர்தான். காசு கொடுத்தால்கூடக் கிடைக்காத விளம்பரம்!

1988 நவம்பர் 12. குவீன்ஸ்டவுன் அருகே கவராவ் ஆற்றின் மேல் 1880-ல் கட்டிய பழைய பாலம். 43 மீட்டர் உயரம். நண்பர் ஹென்றி வான் ஆஷுடன் சேர்ந்து ஹாக்கெட் கடை விரித்தார். அரசாங்கம் கொடுத்த அனுமதி முப்பதே நாளுக்கு. முதல் நாள் 28 பேர் வந்து ஆளுக்கு 75 டாலர் கட்டிக் குதித்தார்கள். 28 பெருக்கல் 75, 2,100 டாலர். முதலீடு, ரப்பரும் தைரியமும். அந்த முப்பது நாள் கடை இன்றுவரை மூடப்படவில்லை.

அவர் விற்றது என்ன என்று யோசியுங்கள். பயத்தை அல்ல. பயம் இலவசமாகவே கிடைக்கும், எங்கள் மொட்டை மாடி போதும். அவர் விற்றது 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்கிற உத்தரவாதத்தை. நிறுத்துப் பார்த்து எடையைக் கையில் எழுதுவது, எடைக்கு ஏற்ற கயிறு, ஒருவர் கட்டியதை இன்னொருவர் சரிபார்ப்பது, இத்தனை குதிப்புக்கு மேல் அந்தக் கயிறு வேண்டாம் என்று கணக்கு எழுதி ஒதுக்குவது... பெந்தகோஸ்த் தீவுப் பெரியவரின் கண்ணளவு, இங்கே ரெஜிஸ்டராக மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ரிஷிகேஷ் பக்கம் மோகன்சட்டியில் 2010-ல் திறந்ததும் இந்த வழியில் வந்ததுதான். 83 மீட்டர் உயரம், கீழே கங்கையில் போய்ச் சேரும் சிற்றாறு. நியூஸிலாந்து தொழில்நுட்பம்.

நம் ஊரில்? மலையிலிருந்து குதிப்பது நமக்கும் புதுசு இல்லை. காதல் கைகூடாதவன் மடல் ஏறுவான், அதுவும் பலிக்காவிட்டால் 'வரை பாய்வான்' என்று சங்க காலத்திலேயே வழக்கு உண்டு. ஆனால் அது திரும்பி வராத குதி. கயிறு கட்டி இறங்கித் திரும்பி வந்தவர்கள் வேறு ஆட்கள். தேன் எடுப்பவர்கள்.

1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு பெரிய தொகுதிகள் கொண்டுவந்தார். அதில் ஆனைமலைக் காடர்கள் பற்றி எழுதியிருப்பது அருமை. செங்குத்துப் பாறையில் தொங்கும் மலைத்தேனை எடுக்க, பிரம்பை வளையம் வளையமாகக் கோத்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் இறங்குவார்களாம். மேலே சங்கிலிக்குக் காவல் யார்? மனைவி, அல்லது மகன். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. இறங்கிய வழியாகவேதான் ஏறி வர வேண்டும். அடிவாரம் பக்கத்திலேயே இருந்தாலும், ஏறுகிற சிரமம் மிச்சம் என்று கீழே இறங்கிப் போய்விடக் கூடாது.

நீலகிரிக் குறும்பர்களிடம் இந்தக் காவல் வேலை மச்சானுக்கு. அதாவது மனைவியின் சகோதரனுக்கு. அவன் கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவள். இதைவிடக் கெட்டியான இன்ஷூரன்ஸ் பாலிசியை எந்தக் கம்பெனி எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்?

இங்கேதான் எனக்கு 2018 ஜூலை ஞாபகம் வந்தது. கோவை அருகே ஒரு தனியார் கல்லூரி. ஆபத்து நேரத்தில் தப்பிப்பது எப்படி என்று பயிற்சி. இரண்டாவது மாடி விளிம்பில் நிர்வாகவியல் படிக்கும் 19 வயது மாணவி. கீழே வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு மாணவர்கள். அந்தப் பெண் தயங்குகிறாள், பின்வாங்குகிறாள். பயிற்சியாளர் தள்ளிவிடுகிறார். முதல் மாடி சன்ஷேடில் அடிபட்டு அவள் இறந்துபோனாள். அந்த வீடியோவை டி.வி.யில் பார்த்தவர்கள் பல நாள் தூங்கியிருக்க மாட்டார்கள். பயிற்சியாளர் கைதானார். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அவர் வந்திருந்தார். எங்களுக்கும் அந்தப் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை என்று ஆணையம் சொன்னது. அவளைக் கொண்டுபோய் அந்த விளிம்பில் நிறுத்துவதற்கு முன்னால், நீங்கள் யார் என்று ஒருவரும் அந்த ஆளைச் சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் ஆகாய கங்கை அருவிக்குப் போனோம். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படிகள் இறங்க வேண்டும். ஐயாறு அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கவராவ் பாலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அக்கா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையன் அருவியின் தலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். வாய் பேசவில்லை. சாரலில் நனைந்த முகத்தில் லேசாகப் பயம் தெரிந்தது. பரவாயில்லை, பையன் கெட்டிக்காரன்தான்.

திரும்பி ஏறும்போது, மூச்சு வாங்க வாங்க, நான் கேள்விகளை அடுக்கினேன். எடை பார்ப்பது யார்? முடிச்சை இரண்டாவது ஆள் பார்க்கிறாரா? அந்தக் கயிறு எத்தனை பேரைப் பார்த்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்களா, கேட்டால் காட்டுவார்களா? கடைசி நிமிஷத்தில் 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுவார்களா, பின்னாலிருந்து ஒரு கை வருமா? பையன் எல்லாவற்றையும் செல்போனில் டைப் அடித்துக்கொண்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.

அக்கா உட்கார்ந்திருந்த படி வந்தது. நாங்கள் நினைத்ததைவிட அவளுக்குக் காது கூர்மை.

"என்னடா ரெண்டு பேரும் கயிறு கயிறுன்னு பேசிட்டு வரீங்க?"

பையன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், வனுவாட்டு அம்மாக்கள் உள்பட. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அருவிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டு நீ மட்டும் இங்க உக்காந்து பத்திரிகைக்கு எழுதிட்டு இருக்கலாம்னு பாக்காத. நீயும் கூடப் போற. அவன் கால்ல கட்டும்போது நீ பக்கத்துல நிக்கிற."

இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு உயரம் என்றாலே ஆகாது என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.